துண்டாடிய காட்டில் யாருடைய பழம்?

அப்பாவுக்கு 79 வயது. வெள்ளிக்கிழமையானால் பினாங்குத் தண்ணீர்மலைக்குப் போயே ஆக வேண்டும். மலைமேல் இருக்கும் பாலதண்டாயுதபாணியைப் பார்க்க 513 படி ஏற அவருடைய முழங்கால் இடம் கொடுப்பதில்லை. அடிவாரத்தில் நின்று அண்ணாந்து கும்பிடுவார். பிறகு இருவரும் தாவரவியல் பூங்கா பக்கம் மெதுவாக நடப்போம். வழியில் பிசாங் மாஸ் என்ற சின்ன வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்குவார். நான்கு மாதத்துக்கு முன்புவரை அந்தச் சீப்பு முழுவதும் குரங்குகளுக்குத்தான்.

இவர்தான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் 22 வருடம் காவல் வேலை பார்த்தவர். மண்ணெண்ணெய்த் தகரத்தை இரும்புக் கம்பியால் அடித்து அடித்துக் குரங்கு விரட்டியதில் இடது காது இன்றும் மந்தம். ஒருநாள் கேட்டேவிட்டேன்: "ஏம்ப்பா, அன்னிக்கு விரட்டுனீங்க, இன்னிக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுக்குறீங்களே?"

"அப்ப அது என் வயித்துல கை வச்சுச்சு தாயி. இப்ப எனக்குப் பசி இல்லையே."

அந்தப் பதில் எனக்குள் வெகுநாள் கிடந்தது. பினாங்கில் குரங்கைப் பற்றி யார் பேசினாலும் அந்தப் பேச்சு இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கிறது. பசி இல்லாதவர்கள் பழம் கொடுக்கிறார்கள். வயிற்றில் அடி வாங்கியவர்கள் கல்லை எடுக்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. அப்பா ஒரே ஆயுளில் இரண்டு பக்கமும் நின்றவர் என்பதால், இதை அவரை வைத்தே எழுதுகிறேன்.

முதலில், நாம் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது. பினாங்குத் தீவில் கண்ணில் படுவது பெரும்பாலும் இரண்டு இனம். மலாய்க்காரர்கள் கெரா என்று சொல்லும் நீண்டவால் குரங்கு ஒன்று. கோயில் வாசலில், குப்பைத்தொட்டி மேல், கார்க் கூரையில் உட்கார்ந்திருப்பது அதுதான். பத்துமலைப் படிகளில் தேங்காய்மூடியைப் பிடுங்குவதும் அதேதான். இன்னொன்று லோத்தோங். கண்ணைச் சுற்றி வெள்ளையாக வளையம், சாம்பல் உடம்பு, உடம்பைவிட நீண்ட வால். சத்தம் போடாமல் மரத்தின் உச்சியில் இலை மென்றுகொண்டிருக்கும். குட்டி பிறக்கும்போது பளிச்சென்று செம்மஞ்சள் நிறம். சில மாதங்களில் அது சாம்பலாக மாறிவிடும். தாயின் சாம்பல் மார்பில் அந்த மஞ்சள் ஒட்டிக்கொண்டிருப்பதை முதன்முதலில் பார்த்தவர் யாரும் அடுத்த மரத்துக்கு அவ்வளவு சீக்கிரம் நகர மாட்டார்கள்.

பழந்தமிழில் இந்த லோத்தோங்கின் இனத்துக்கு முசு என்று தனிப்பெயர் உண்டு. குரங்கு வேறு, முசு வேறு. ஆணுக்குக் கடுவன், பெண்ணுக்கு மந்தி, குட்டிக்குப் பறழ் என்று வாய்நிறையப் பெயர் வைத்திருந்தார்கள். மலையடிவாரத்தில் அதனோடு வாழ்ந்தவர்களுக்குத்தான் இத்தனை பெயர் தேவைப்படும்.

பெயர் பிரித்துச் சொல்வதில் ஒரு காரியமும் இருக்கிறது. கெரா எதையும் தின்னும். கன்னத்துப் பையில் அடைத்துக்கொண்டு ஓடிப்போய் உட்கார்ந்து மெல்லும். முசு அப்படியில்லை. அதன் இரைப்பை மாட்டினுடையதைப் போல அறை அறையாகப் பிரிந்தது. உள்ளே வாழும் நுண்ணுயிர்கள் இலையை நொதிக்கவைத்துச் செரிக்கின்றன. பன், பிஸ்கட், இனிப்பாகப் பழுத்த பழம் என்று அதிகம் உள்ளே போனால் அந்த நொதிப்பு தறிகெட்டுப் புளித்துவிடும், வாயு கட்டி வயிறு உப்பும், உயிர்கூடப் போகலாம். ஆஞ்சநேயரை நினைத்து நீட்டுகிற பழம் ஒரு முசுவின் வயிற்றில் என்ன செய்யும் என்று எனக்கே 40 வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

கெராவுக்கு வயிறு தாங்கும், ஆனால் வேறு விதத்தில் விலை கொடுக்கும். மனிதக் கையிலிருந்து சோறு கிடைக்கும் என்று ஒருமுறை கற்றுக்கொண்டால் பயம் போய்விடுகிறது. காட்டில் பாதி நாள் தேடித் தின்ன வேண்டியது சாலையோரத்தில் பத்து நிமிடத்தில் கிடைத்தால் அது ஏன் காட்டுக்குள் போகப்போகிறது? சாலை தாண்டும், வீட்டுக்குள் இறங்கும், பையைப் பறிக்கும், கடிக்கும். புகார் போகும். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்கு ஆண்டுதோறும் வரும் காட்டுயிர்ப் புகார்களில் முதலிடம் கெராவுக்குத்தான். பிறகு கூண்டு வரும். பழம் கொடுத்த கை தன் வீட்டுக்குப் போய்விட்டிருக்கும். கடி வாங்குவது பக்கத்துத் தாமான் குடியிருப்புப் பிள்ளை. கூண்டில் மாட்டுவது குரங்கு.

இவ்வளவு குரங்கு கண்முன்னே திரியும்போது அழிவு என்று யாரும் நம்புவதில்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் முசு 2020-இல் அருகிவரும் இனம் ஆனது. 2022-இல் கெராவும் அதே நிலைக்கு வந்தது. தேங்காய் பறிக்கப் பழக்குவார்களே, அந்தக் குட்டைவால் பெரோக்கும் அதே ஆண்டில் வந்து சேர்ந்தது. கோயில் வாசலில் 50 கெரா நிற்பதால் காட்டில் நிறைய இருக்கின்றன என்று ஆகிவிடாது. சோறு இருக்கும் இடத்தில் அவை கூடுகின்றன, அவ்வளவுதான்.

இனி தோட்டத்துக்கு வருகிறேன்.

நான் பிறந்த தோட்டம் இப்போது இல்லை. மஞ்சோங் மாவட்டத்தில் கடலுக்குச் சற்று உள்ளே இருந்தது. நான் பால்பல் விழாத வயதில் ரப்பர் பால்மரங்களைச் சாய்த்து, எண்ணெய்க்காகச் செம்பனை வைத்தார்கள். அப்பாவுக்குக் காவல், அம்மாவுக்கு எலிமருந்து. அது என்ன வேலை என்று இந்தக்காலப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். செம்பனைக் குலையை எலி கடித்துத் தின்னும். காய்ந்த மட்டையை வெட்டியபின் மரத்தில் ஒட்டியிருக்கும் அடிமட்டைகளின் இடுக்கில்தான் அதற்கு வீடு. மெழுகோடு சேர்த்துப் பிசைந்த மருந்துக்கட்டியை வாளியில் போட்டுக்கொண்டு, நிரை நிரையாக நடந்து மரத்தடிக்கு ஒன்று வைக்க வேண்டும். தின்று தீர்ந்த இடத்தில் மறுபடி வைக்க வேண்டும். கையுறை கொடுத்த மாதமும் உண்டு, கொடுக்காத மாதமும் உண்டு. அம்மா வீட்டுக்கு வந்ததும் சாம்பலும் சவர்க்காரமும் போட்டு முழங்கைவரை தேய்ப்பார். அதற்கு முன் எங்களைத் தொட விடமாட்டார்.

தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் அப்பா கொஞ்சம் இடத்தைக் கொத்தி மரவள்ளி, வெண்டை, நாலு வாழை வைத்திருந்தார். சம்பளத்துக்கு மேல் ஏதாவது செலவு என்றால் அந்த மரவள்ளிதான். ஒரு தைப்பூசத்துக்கு லயமே காலியாகக் கோயிலுக்குப் போயிருந்தது. திரும்பி வந்தபோது மரவள்ளி வேரோடு கிடந்தது. தின்றது கொஞ்சம், கடித்துப் போட்டது கொஞ்சம், வீணாகப் பிடுங்கியது மிச்சம். அது பள்ளிக்கூடம் திறந்த சமயம். எனக்குப் புதுச் சப்பாத்து அந்தக் கிழங்கை விற்றுத்தான் வர வேண்டியிருந்தது. அப்பா பழைய சப்பாத்தின் முனையைக் கத்தியால் வெட்டிக் கொடுத்தார். அந்த வருடம் முழுக்கப் பெருவிரல் வெளியே தெரிய நடந்தேன்.

அன்றிரவு அவர் ஒன்றும் பேசவில்லை. விடியும்வரை தகரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குரங்கு எதுவும் வரவில்லை, இருட்டில் அது வரவும் வராது. ஆனாலும் அடித்துக்கொண்டே இருந்தார்.

"குரங்குக்கும் வாழ உரிமை உண்டு" என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்தத் தகரச் சத்தம்தான் முதலில் கேட்கிறது. உரிமை உண்டு, நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் அதற்கான விலையை யார் வீட்டு அடுப்பில் வசூலிக்கிறோம் என்று கேட்காமல் அதைச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

2019-இல் கரண்ட் பயாலஜி என்ற அறிவியல் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அன்னா ஹோல்ஸ்னர், பினாங்கிலுள்ள யூ.எஸ்.எம். பல்கலைக்கழகத்தின் நாடின் ருப்பர்ட் முதலானோர் செய்தது. களம் பேராக்கின் செகாரி, எங்கள் பழைய தோட்டத்துப் பக்கம். காட்டிலிருந்து செம்பனைத் தோட்டத்துக்குள் வந்துபோகும் பெரோக்குக் கூட்டங்களைப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். பெரோக்கு பழம் தின்கிறது, உண்மை. ஆனால் அதனால் போகும் விளைச்சல் 0.56 சதவீதம்தான். எலியால் போவதோ 10 சதவீதம் அளவு. அந்த எலியைத்தான் பெரோக்கு அடிமட்டையைப் பிய்த்து இழுத்துத் தின்கிறது. சராசரியாக 44 குரங்கு உள்ள ஒரு கூட்டம் ஆண்டுக்கு 3,000 எலிக்கு மேல் தீர்க்கிறது. பெரோக்கு தவறாமல் வந்துபோகும் இடத்தில் எலி 75 சதவீதத்துக்கு மேல் குறையும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு என்னால் உட்கார முடியவில்லை. அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"மட்டையப் பிச்சு எலியப் புடிக்கும், பார்த்திருக்கேன். வாலப் புடிச்சுத் தரையில ஒரே அடி. உங்கம்மாகூடப் பார்த்திருக்கா. பெரோக்கு வர்ற நிரையில மருந்து வைக்க வேலையே இல்லன்னு சொல்லுவா."

"யார்கிட்டயாவது சொன்னீங்களாப்பா?"

"யாரு கேட்டா?"

அம்மா இறந்து 11 வருடமாகிறது. பெரோக்கு வரும் நிரையில் எலிமருந்து தேவையில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அறிவு வாளியோடு போய் வாளியோடு திரும்பியிருக்கிறது. ஆய்வாளர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் எண்ணிப் பார்த்து எழுதியதால்தான் இன்று தோட்ட நிர்வாகங்கள் காது கொடுக்க வாய்ப்பிருக்கிறது. ஆனால் குரங்கைக் காக்க வருகிறவர்கள் முதலில் போய் உட்கார வேண்டிய இடம் லயத்துத் திண்ணையும் மலாய்க் கிராமமான கம்பத்து வீட்டுப் படியும் என்று எனக்குப் பட்டது அன்றுதான். அங்கே இருப்பவர்களுக்கு இழப்பும் தெரியும், உபகாரமும் தெரியும்.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தி உண்டு. பெரோக்குக்குச் செம்பனை மட்டும் போதாது. தோட்டத்தை ஒட்டிக் காடு இருக்க வேண்டும். காடு அறுந்தால் பெரோக்கு இல்லை, எலி பெருகும், மருந்து வாளி திரும்ப வரும்.

காடு அறுவதை ஆய்வாளர்கள் வாழிடத் துண்டாடல் என்கிறார்கள். துண்டாடல் என்ற சொல்லை மலேசியத் தமிழருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1957 சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றுவிட்டுக் கிளம்பியபோது வீடும் வேலையும் ஒன்றாகப் போனது நம் ஆட்களுக்குத்தான். தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பெயர். அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்து பத்து வெள்ளியாகப் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கியது அதைத் தடுக்கத்தான். பிறகு மீதியிருந்ததும் தாமானாக, தொழிற்பேட்டையாக, கோல்ப் திடலாக மாறியது. எங்கள் லயம் இருந்த இடத்தில் இப்போது இரட்டை மாடி வீடுகள். அங்கே குடியிருப்பவர்களுக்கும் குரங்குத் தொல்லையாம். அவை எங்கிருந்து வந்தன என்று அவர்களுக்கு யார் சொல்வது? அவை எங்கிருந்தும் வரவில்லை. அங்கேயேதான் இருந்தன.

பினாங்குத் தீவின் தெலுக் பாஹாங் சாலையில் ஒரு கயிற்றுப்பாலம் இருக்கிறது. மனிதர்கள் நடக்க அல்ல. சாலைக்கு இந்தப் பக்கத்து மரங்களையும் அந்தப் பக்கத்து மரங்களையும் உயரத்தில் இணைக்கும் கிளைப்பாலம். தீயணைப்புக்குப் பயன்பட்டுக் கழித்த பழைய ரப்பர்க் குழாய்களைப் பின்னிச் செய்தது. பினாங்கு லங்கூர் திட்டம் என்ற குழுவை 2016-இல் தொடங்கிய யாப் ஜோ லீனும் அவரோடு இருப்பவர்களும் 2019 பிப்ரவரியில் கட்டினார்கள். தீபகற்ப மலேசியாவில் நகர்ப்புறச் சாலைக்கு மேல் காட்டுயிர்களுக்காகக் கட்டிய முதல் கிளைப்பாலம் இதுதான். அந்தப் பக்கத்து முசுக் கூட்டத்தின் தலைவனுக்கு அவர்கள் வைத்த பெயர் ஆ லாய். பாலத்துக்கும் அதே பெயர். முசு, கெரா, அணில் மூன்றும் அதில் கடக்கின்றன. முசு மரத்தைவிட்டு இறங்க விரும்பாத பிராணி. கிளை எட்டாத இடத்தில் சாலை குறுக்கிட்டால் ஒன்று காரில் அடிபடும், இல்லை மின்கம்பியைப் பிடித்துக் கருகும், இல்லை நாயிடம் மாட்டும். பழைய குழாய் நாலு அந்தச் சாவைத் தடுக்கிறது.

சென்ற வருடக் கடைசியில் அப்பாவை அங்கே அழைத்துப் போனேன். ஒன்றரை மணி நேரம் நின்றும் எதுவும் கடக்கவில்லை. அப்பாவுக்குக் கால் வலித்தது. பக்கத்துப் பழத்தோட்டத்து வாசலில் நாற்காலி போட்டிருந்த ஒரு பாக் சிக், அதாவது மலாய்ப் பெரியவர், கூப்பிட்டு உட்காரச் சொல்லிக் கோப்பி கொடுத்தார். ஒன்பது ரம்புத்தான், கொஞ்சம் டுரியான், இரண்டு பெத்தாய், சில ஜாதிக்காய் மரங்கள். மலைச்சரிவில் அவருடைய தகப்பனார் வைத்தது.

அப்பாவும் அவரும் மலாயில் பேசிக்கொண்டது இரண்டு பழைய காவல்காரர்கள் பேசிக்கொண்டதுதான். எந்த மாதம் வரும், எந்தக் கிளையில் இறங்கும், பட்டாசுச் சத்தத்துக்கு எத்தனை நாளில் பழகிவிடும். சென்ற பருவத்தில் ரம்புத்தானில் பாதிக்குமேல் பிஞ்சிலேயே போயிற்று என்றார் பாக் சிக். கொல்ல மனம் வரவில்லை, அதுவும் ஆண்டவன் படைப்பு என்றார். பிறகு அவர் சொன்ன ஒன்று என் முகத்தில் அறைந்தது. காரை நிறுத்திப் படம் எடுப்பவர்கள் இவரைப் பட்டாசு போடாதே என்கிறார்களாம். சொல்லிவிட்டு லக்சா சாப்பிடப் போய்விடுகிறார்களாம். சிலர் பிளாஸ்டிக் பையிலிருந்து பன்னும் வாழைப்பழமும் வீசுகிறார்களாம். "இப்போதெல்லாம் பை சரசரத்தாலே கெரா இறங்கி வருகிறது. என் மனைவி கையில் பையோடு வீட்டைவிட்டு வெளியே வர முடியவில்லை."

அப்பா கோப்பியைக் கீழே வைத்தார். திரும்பி வரும்போது பத்து ஃபெரிங்கி தாண்டும்வரை பேசவில்லை. நான் ஆயிரம் முறை சொன்ன வயிறு, நொதிப்பு, கூண்டு எதுவும் செய்யாததை அந்தப் பெண்மணியின் பை செய்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பிசாங் மாஸ் வாங்கினார். பூ விற்கும் அம்மாவின் பேத்தி கையில் சீப்போடு கொடுத்துவிட்டு நடந்தார்.

பினாங்கு மலையும் சுற்றுவட்டமுமாக 12,481 ஹெக்டேரை யுனெஸ்கோ 2021-இல் உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. எல்லோரும் மகிழ்ந்தோம், நானும்தான். உயிர்க்கோளக் காப்பகம் என்பது வேலி போட்ட சரணாலயம் அல்ல. நடுவில் காக்கும் காடு, அதைச் சுற்றி ஓர் இடைப்பகுதி, அதற்கு வெளியே மனிதர்கள் உழுது வாழும் பகுதி என்று மூன்றையும் சேர்த்துத்தான் அந்த ஏற்பாடே. அப்படியானால் பாக் சிக்கைப் போன்ற ஒருவருடைய ரம்புத்தானும் காப்பின் ஒரு பகுதி. அது நட்டமானால் அவர் மரத்தை வெட்டி நிலத்தை விற்பார். அடுத்து அங்கே மரம் இருக்காது, அடுக்குமாடி இருக்கும். பாலத்தின் ஒரு முனை கட்டியிருக்கும் மரம் யாருக்காவது சொந்தமான நிலத்தில்தானே நிற்கிறது?

அதனால் எனக்கு மனதில் பட்டதை நேராகச் சொல்கிறேன். குரங்கைப் பார்த்து மகிழ்கிறவர்கள், அதற்குப் புண்ணியம் தேடுகிறவர்கள், அந்தப் பழமரங்களுக்கான வலைச் செலவில் பங்கு கொடுக்க வேண்டும். கோயில் நிர்வாகங்கள் வாசலில் பழம் போடாதீர் என்ற பலகையோடு நிறுத்தாமல், அந்தப் பக்தியைத் திருப்பிவிட ஒரு வழி காட்டலாம். மூடியுள்ள குப்பைத்தொட்டிக்கு, பாலத்தின் பராமரிப்புக்கு, தோட்டக்காரரின் வலைக்கு ஓர் உண்டியல் வைத்தால் நம் சனம் போடாதா? நாம் கும்பிடும் முருகன் தேடிப்போய் மணந்த வள்ளி யார்? தினைப்புனத்தில் பரண் மேல் நின்று கவண் வீசிக் காவல் காத்த பெண். விளைந்ததைக் காப்பவளின் பக்கத்தில்தான் சாமியே வந்து நின்றிருக்கிறார். புனம் காப்பவர்களை வில்லனாக்கி ஒரு காட்டையும் காப்பாற்ற முடியாது.

நாங்கள் செய்தது சின்னது. வெள்ளிக்கிழமைப் பழக்காசை அப்பா ஒரு மைலோ டின்னில் போட ஆரம்பித்தார். நானும் என் அலுவலகத்துத் தோழிகள் மூவரும் சேர்ந்துகொண்டோம். நான்கு ரம்புத்தான் மரத்துக்கு வலை வாங்கும் அளவுக்கு வந்தது. பாக் சிக் முதலில் வாங்க மறுத்தார். பிறகு, பருவத்தில் ஒரு கூடை பழம் கொடுப்பேன், அதற்குச் சம்மதித்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றார். சம்மதித்தோம்.

போன ஞாயிற்றுக்கிழமை கட்டினோம். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி ஏவிக்கொண்டிருந்தார். வலை தொய்வாக இருந்தால் குட்டி மாட்டிச் செத்துப்போகும், இழுத்துக் கட்டு. கண்ணி சின்னதாக இருக்கணும், விரல் நுழையக் கூடாது. அடியில மண்ணோட சேர்த்துக் கல்லு வை. பாக் சிக்கின் பேரன் ஏணியில் நின்று அவர் சொன்னபடி முடிச்சுப் போட்டான். மேட்டில் காட்டை ஒட்டி நின்ற ஐந்து மரத்துக்கு வலை போதவில்லை. அதில் மூன்றையாவது அடுத்த வருடம் பார்க்கலாம் என்றேன். பாக் சிக் மலையைப் பார்த்தார். கடைசி இரண்டு மரம் அதுகளுக்கு இருக்கட்டும், தன் அப்பா காலத்திலும் அப்படித்தான் என்றார்.

நாலரை மணிவாக்கில் சாலைப் பக்கம் இலை அசைந்தது. முதலில் பெரிய ஆண், பிறகு ஒவ்வொன்றாகக் குழாயின் மேல் வால் தொங்க நடந்தன. ஐந்தாவதின் மார்பில் மஞ்சளாக ஒன்று ஒட்டியிருந்தது. கீழே ஒரு பஸ், இரண்டு மோட்டார் சைக்கிள், யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்பா கையைக் கண்ணுக்கு மேல் வைத்து ஏழுவரை எண்ணினார்.

"ரப்பர்க் குழாய் வெயில்ல வெடிச்சுடும்," என்றார். "மாத்துறப்போ சொல்லச் சொல்லு. அந்த டின்ன நான் இன்னும் மூடல."